பத்மினிக்கு ஐந்து கியர்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதே நான் ஒரு மாபெரும் தீர்மானம் எடுத்தேன். இந்த வீட்டில் சாம்பாரா ரசமா என்பது என் மனைவி இஷ்டம். டிவியில் எந்த சீரியல் என்பது அவள் இஷ்டம். என் மீசைக்குச் சாயம் அடிப்பதா, அப்படியே விடுவதா என்பதுகூட அவள் இஷ்டம். எல்லாம் விட்டுக்கொடுத்தாயிற்று. ஆனால் பத்மினியின் சாவி மட்டும் உயிரே போனாலும் என் இடுப்பை விட்டு இறங்காது.

பத்மினி என்றதும் யாரும் கற்பனையை ஓட விட வேண்டாம். அந்த அளவுக்கு எனக்குத் தைரியம் இருந்திருந்தால் இந்தக் கதையை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு சொல்லியிருப்பேன். பத்மினி ஒரு கார். பிரீமியர் பத்மினி. வெண்ணெய் நிறம், உருண்டைக் கண்கள், பின்பக்கம் கொஞ்சம் கனம். எங்கள் சேரப்பணஞ்சேரியில் கம்பெனிகளுக்கு நிலம் கொடுத்தவர்கள் எல்லாம் பெரிய பெரிய வண்டியாக வாங்கி வாசலில் நிறுத்தினார்கள். நான் மட்டும் குன்றத்தூரில் ஒரு டாக்டர் வீட்டுக் கொட்டகையில், பின் சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்த இவளை மீட்டு அழைத்து வந்தேன்.

என் பெயர் புருஷோத்தமன். ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில், கியர்பாக்ஸ் லைனில் பல வருஷமாக வேலை. மனைவி சசிகலா ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செல்போன் பாகங்கள் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங். தலைமுடி அளவு கீறல் இருந்தாலும் கண்டுபிடித்து ஓரமாக எடுத்து வைத்துவிடுவாள். வீட்டிலும் அதே வேலைதான். நான் வாங்கி வரும் கத்தரிக்காயில் பாதி, நான் சொல்லும் பொய்களில் முக்கால்வாசி, வாசலிலேயே ரிஜெக்ட் ஆகிவிடும்.

அவளிடம் டிரைவிங் லைசென்ஸ் இருக்கிறது. அதுதான் பிரச்சினை.

"இன்னாங்க, சாவி குடுங்க. சிங்கப்பெருமாள் கோவில்ல அம்மாவப் பாத்துட்டு வந்துடறேன்."

"பத்மினிக்குக் கை கியரும்மா. ஸ்டியரிங் பக்கத்துல கீது. நீ கத்துக்கினது தரை கியர்."

"கை கியரும் கத்துக்கறேன்."

"அது கத்துக்கறதுல வராது. பொறக்கும்போதே வரணும்."

"ஓ. உங்க அம்மா உங்கள கியரோடதான் பெத்தாங்களா?"

"சசி, நீ பஸ்ல போ. காத்தோட்டமா இருக்கும்."

"பஸ்ஸு எங்க வருது? ரெண்டு ஷேர் ஆட்டோ மாறணும். போன வாரம் ஒருத்தர் என் மடியிலதான் கொழந்தைய வெச்சுகினு வந்தாரு. கொழந்தைக்கு மீசையே மொளைச்சிருந்துது."

ஒருமுறை அவள் பழகுவதற்காகச் சிவப்பு 'எல்' ஸ்டிக்கர் ஒன்று வாங்கி வந்தாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இத பத்மினி மேல ஒட்டினா அவளுக்கு அவமானம். உன் நெத்தியில ஒட்டிக்கோ, பொட்டுக்குப் பொட்டும் ஆச்சு" என்றேன். மாடியில் குடியிருக்கும் கொம்பையா அதைக் கேட்டுச் சிரித்துவிட்டான். சசி ஒன்றும் சொல்லவில்லை. ஸ்டிக்கரை மடிக்காமல் காரின் டேஷ்போர்டு அறைக்குள் வைத்துவிட்டுப் போனாள். அவள் ஒன்றும் சொல்லாத நாட்களில்தான் நான் பயந்திருக்க வேண்டும். அன்று பயப்படாமல் இரண்டு வடை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

ஆக, கை கியர்தான் எனக்குக் காவல் தெய்வம். அந்தத் தெய்வம் ஒருநாள் ஒரகடம் மேம்பாலத்தில் கண்ணை மூடியது.

ஷிஃப்ட் முடிந்து வந்துகொண்டிருந்தேன். இரண்டாவது கியர் போட்டேன். உள்ளே யாரோ பாத்திரக் கடையைக் கவிழ்த்தார்கள். அத்தனை காலம் உழைத்த பல்சக்கரங்கள் மொத்தமாகக் கொட்டிவிட்டன. டிராக்டர் வைத்து இழுத்து வந்தோம். டிராக்டரில் முன்னால் நான், பின்னால் பத்மினி, வாசலில் சசி. ஆரத்தித் தட்டுதான் குறை.

அதே மாதிரி கை கியர் பெட்டி தேடிப் புதுப்பேட்டைத் தெருவெல்லாம் அலைந்தேன். கிடைக்கவில்லை. கிடைத்தது ஒரு பழைய வேனில் இருந்து கழற்றிய ஐந்து கியர் பெட்டி. பல் எல்லாம் பளபளவென்று இருந்தது. ஆனால் தரை கியர்.

"தரை கியரா?" என்று சசி கேட்டபோது அவள் முகத்தில் பல்பு எரிந்தது. "அதுதான் நல்லது. வாங்கிப் போடுங்க."

தரை கியர் வந்தால் சாவி போகும். போடாவிட்டால் பத்மினி காயலான் கடைக்குப் போவாள். யோசித்தேன். சாவி முக்கியமா, பத்மினி முக்கியமா? பத்மினி இல்லாமல் சாவியை வைத்து காது குடையலாம், அவ்வளவுதான். மனதைக் கல்லாக்கிக்கொண்டு பெட்டியை வாங்கிவிட்டேன்.

பிறகு நடந்ததை நானே பெருமையாகச் சொல்லிக்கொள்வது முறையல்ல. வேறு யாரும் சொல்லாததால் சொல்கிறேன். ஒரு காரின் கியர்பாக்ஸை இன்னொரு காரில் வைப்பது, பக்கத்து வீட்டுக்காரர் பல்செட்டை வாங்கி மாட்டிக்கொள்வது மாதிரி. எதுவும் பொருந்தாது. இன்ஜினுக்கும் பெட்டிக்கும் நடுவே வைக்க ஒரு கனமான தகடு லேத்தில் கடைந்தேன். பின்சக்கரத்துக்குப் போகும் நீளத் தண்டை அறுத்துக் குட்டையாக்கி, சுற்றினால் அதிராதபடி சரி செய்தேன். பெட்டியைத் தாங்க அடியில் ஒரு குறுக்குச் சட்டம் வெல்டிங் பண்ணினேன். கியர் தண்டு மேலே வர தரையில் ஓட்டை போட்டேன். ஓவர்டைமை விட்டேன். சீட்டாட்டத்தை விட்டேன். ஒருநாள் குளிப்பதைக்கூட விட்டேன், அதைச் சசி அனுமதிக்கவில்லை.

கொம்பையா கோவில்பட்டிப் பக்கம். டயர் கம்பெனியில் வேலை. ஷிஃப்ட் இல்லாத நேரமெல்லாம் என் பக்கத்தில் குத்தவைத்துக் குறை சொல்வான்.

"ஏண்ணே, இம்புட்டுச் செலவழிச்சதுக்கு ஒரு புதுக் காரே எடுத்திருக்கலாம்லா?"

"புதுக் கார்ல இன்னா கீது கொம்பையா? சாவி போட்டா ஓடும். அவ்ளோதான்."

"கார்னா ஓடத்தானண்ணே செய்யணும்?"

தெற்கத்திக்காரர்களுக்குக் கலை ரசனை குறைவு.

தரையில் போட்ட ஓட்டை வழியாகப் புழுதி வராமல் இருக்க, கியர் தண்டைச் சுற்றி ஒரு ரெக்சின் உறை வேண்டும். சசி தானாகவே முன்வந்து தைத்துக் கொடுத்தாள். கறுப்பு ரெக்சின், சிவப்பு நூல் தையல், சுற்றிலும் பிரஸ் பட்டன்.

"பட்டன் எதுக்கும்மா? ஆணி அடிச்சுட்டா போதுமே."

"அப்பப்போ தெறந்து சுத்தம் பண்ண வாணாமா? டப்புன்னு இழுத்தா வந்துடும்."

அவள் பொறுப்பை நினைத்து எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இப்படி ஒரு மனைவியைப் போய் சந்தேகப்படுகிறோமே என்று தோன்றியது. தோன்றியதோடு சரி.

கடைசி வேலை ஒன்றுதான் பாக்கி. கியர் பெட்டி முன்னால் இருக்கிறது. கியர் தண்டு சீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இரண்டையும் ஒரு கம்பியால் இணைக்க வேண்டும். தண்டின் அடிப்பாகத்தில் கம்பியை மாட்ட இரண்டு துளைகள் உண்டு, தண்டு அசையும் அச்சுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. லைனில் தினமும் நான் செய்கிற அதே வேலை. அங்கே வண்டி தலைக்கு மேலே தொங்கிக்கொண்டு வரும். நான் கீழே நின்று அண்ணாந்துகொண்டு, கைக்குப் பக்கத்தில் இருக்கும் துளையில் மாட்டுவேன். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் தப்பியதில்லை. கண்ணை மூடிக்கொண்டுகூட மாட்டுவேன்.

வீட்டில் வண்டி தொங்கவில்லை. நான் சீட்டில் உட்கார்ந்து, உறையைத் திறந்து, மேலே இருந்து கையை விட்டேன். கண்ணை மூடிக்கொண்டேன். கைக்குப் பக்கத்தில் இருந்த துளையில் மாட்டி, போல்ட்டை முடுக்கி, அதன் தலையில் மஞ்சள் மையால் ஒரு கோடு இழுத்தேன். லைனில் அதுதான் வழக்கம். கோடு இருந்தால் வேலை சுத்தம், இனி யாரும் தொட வேண்டாம் என்று அர்த்தம்.

கீழே இருந்து பார்த்தால் பக்கத்தில் இருப்பது கீழ்த்துளை. மேலே இருந்து பார்த்தால் மேல்துளை. இது ஒரு பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் பச்சைக் குழந்தை வருஷக்கணக்காக லைனில் நின்றதில்லையே.

முதல் ஓட்டம் நான் மட்டும் தனியாகப் போனேன். ஸ்டார்ட் செய்தேன். மேலே தள்ளி முதல் கியர் போட்டேன். முக்கி, முனகி, ஆஃப் ஆகிவிட்டது. மறுபடியும் அதேதான். ஆத்திரத்தில் தண்டைக் கீழே இழுத்தேன். பத்மினி பூப்போல நகர்ந்தாள்.

புரிந்துவிட்டது. அச்சுக்கு மறுபக்கத் துளையில் மாட்டியதால் முன்னே பின்னே தலைகீழாகிவிட்டது. மேலே இருக்க வேண்டிய ஒன்று கீழே. கீழே இருக்க வேண்டிய இரண்டு மேலே. மூன்றும் நாலும் இடம் மாறிவிட்டன. ஐந்தாவது இருக்க வேண்டிய இடத்தில் ரிவர்ஸ். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கியர்பாக்ஸ் லைன்காரன், அதுவும் சீனியர், இந்தத் தப்பைச் செய்தான் என்று தெரிந்தால் கேன்டீனில் தலை காட்ட முடியாது. ஒரு போல்ட்டைக் கழற்றி இன்னொரு துளையில் மாட்டினால் சரி. ஸ்பேனரைக் கையில் எடுத்துவிட்டேன்.

அப்போதுதான் அந்த மகத்தான யோசனை வந்தது. ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.

எதற்குச் சரி செய்ய வேண்டும்? இது தப்பல்ல, வரம். இனி பத்மினியை ஓட்டத் தெரிந்தவன் இந்த உலகத்தில் ஒருவன்தான். போன தெய்வம் புதுப் பெட்டியில் திரும்பி வந்துவிட்டது.

மறுநாளே ஸ்பேர் கடையில் ஒரு கியர் குமிழ் வாங்கினேன். எல்லாக் காரிலும் இருப்பது போலவே ஒன்று மேலே, இரண்டு கீழே என்று வெள்ளை எழுத்தில் வரைபடம் போட்டது. அதை மாட்டிவிட்டு, வீட்டுக்குள் போய், சாவியைச் சசியிடம் நீட்டினேன்.

"இந்தா. ஓட்டு."

அவள் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "ஜுரம் எதுனா கீதா?"

"கேட்டுகினே இருந்தியே. நானே குடுக்கறேன். போய் ஓட்டு."

ஓட்டினாள். அதாவது, உட்கார்ந்தாள். வரைபடத்தைப் பார்த்து ஒன்று போட்டாள். குலுங்கி நின்றது. மறுபடியும் போட்டாள். மறுபடியும் நின்றது.

"இன்னாங்க, வண்டி இப்டி நொண்டுது?"

"வண்டி நொண்டலம்மா. க்ளட்ச்ச வுடறதுல ஒரு பக்குவம் வோணும். பரவால்ல, மெதுவா கத்துக்கலாம். அவசரமே இல்ல."

கொம்பையாவுக்குப் பொறுக்கவில்லை. "எறங்குங்க மதினி, நான் பாக்கேன்" என்று ஏறினான். ரிவர்ஸ் எடுப்பதாகச் சொல்லிக்கொண்டு கீழே இழுத்தான். பின்னால் போக வேண்டிய வண்டி ஒரு தவ்வுத் தவ்வி முன்னால் முட்டி, துளசிச் செடித் தொட்டியைத் தட்டிவிட்டு நின்றது. அவன் இறங்கி வந்து பத்மினியைக் கையெடுத்துக் கும்பிட்டான்.

"அண்ணே, இது காரு இல்ல. இதுல என்னமோ இருக்கு."

ஊரே வந்து முயன்றது. டிராக்டர் ஓட்டுபவர், கம்பெனி பஸ் ஓட்டுபவர், கன்டெய்னர் லாரி ஓட்டும் தமிழ்வாணன், எல்லோருக்கும் பத்மினி நின்று காட்டினாள். நான் ஏறி உட்கார்ந்தால் மட்டும் மானைப் போல ஓடினாள். "புருஷோத்தமன் கை பட்டாத்தான் நவுருது" என்று படப்பை வரைக்கும் பேச்சு. டீக்கடையில் எனக்கு இடம் விட்டு எழுந்தார்கள். என் வாழ்க்கையிலேயே அதுபோல நிமிர்ந்து நடந்ததில்லை. சசிகூட இரண்டு நாள் என் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசவில்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை மட்டும் எடுத்துக்கொண்டேன். அதன் பிறகு ஞாயிறுதோறும் நானே அவளைச் சிங்கப்பெருமாள் கோவிலுக்கு அழைத்துப் போனேன். வெற்றி பெற்றவனுக்குக் கருணை வேண்டாமா? அவள் பக்கத்து சீட்டில்தான் உட்காருவாள். அதனால் கியர் போடும் கை மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொண்டேன். மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவார்களே, அப்படி.

"துண்டு எதுக்குங்க?"

"கை வேர்க்குது."

"ஒரு கை மட்டுமா?"

"அதுதானம்மா வேலை செய்யுது."

ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அவ்வப்போது இடுப்பை மட்டும் தடவிக்கொண்டாள். வயசாகிறது, பாவம் என்று நினைத்தேன்.

ஆயுத பூஜை நெருங்கியது. கம்பெனியில் பூஜை முடிந்து பொரி பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தேன். சசி காபி கொடுத்தாள். கேட்காமலே கொடுத்தாள். கொம்பையாவும் உட்கார்ந்திருந்தான்.

"இன்னாங்க, ஒரு ஆசை. ஆயுத பூஜைக்குப் பத்மினிய நான் ஓட்டறேன். கடைசியா ஒரு தபா. வரலன்னா இனிமே கேக்கவே மாட்டேன்."

"கேக்கவே மாட்டியா?"

"சாமி சத்தியமா."

இதைவிட நல்ல வரன் அமையாது என்று தோன்றியது. ஆனால் நான் லேசுப்பட்டவனா? நிபந்தனைகளை நானே அடுக்கினேன்.

"சும்மா ஓட்டறது இல்ல. சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வெப்போம். நாலும் நசுங்கணும். தெருமுனை மாரியம்மன் கோவில் வரைக்கும் போவணும். திரும்பி வந்து நம்ம வாசல்ல ரிவர்ஸ் எடுத்து நிறுத்தணும். நடுவுல ஒரு தபா ஆஃப் ஆனாலும் தோத்த மாதிரி."

"உங்களுக்கும் அதேதானே?"

நான் கொம்பையாவைப் பார்த்துச் சிரித்தேன். கொம்பையா என்னைப் பார்த்துச் சிரித்தான். "எனக்கும் அதேதாம்மா."

"தோத்தவங்க?"

"அடுத்த ஆயுத பூஜை வரைக்கும் சாவியத் தொடக் கூடாது. கொம்பையா, நீதான் சாட்சி."

"சரிண்ணே. ஆனா பாவம்ணே மதினி."

பூஜையன்று காலை சசி என்னை பைக்கில் படப்பைக்கு அனுப்பினாள். பூசணிக்காய் பெரியதாக வேண்டுமாம், வாடாததாக வேண்டுமாம், கடைசியில் இருக்கும் கடையில்தான் வாங்க வேண்டுமாம். அதற்குள் அவள் பத்மினியைக் கழுவித் துடைத்து வைப்பாளாம். மகாராஜாவைப் போலக் கிளம்பினேன்.

திரும்பி வந்தபோது பத்மினி சந்தனமும் குங்குமமுமாக நின்றாள். சசி புதுப் புடவையில் நின்றாள். விரல்களில் ரோஸ் கலரில் புது நெயில் பாலிஷ். தோற்கப் போகிறவளுக்கு எதற்கு இந்த அலங்காரம் என்று எனக்கே பரிதாபமாக இருந்தது. கன்னத்தில் கறுப்பாக ஒரு தீற்றல்.

"கன்னத்துல இன்னாம்மா?"

"திருஷ்டிப் பொட்டுங்க. கண்ணு படக் கூடாதுல்ல."

தெருவே கூடிவிட்டது. என் லைனில் கூட வேலை செய்யும் பகலவனும் குடும்பத்தோடு வந்திருந்தான். சூடம் ஏற்றி, பூசணிக்காய் உடைத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன். பெரிய மனது பண்ணி, "நீ மொதல்ல போம்மா" என்றேன்.

அவள் ஏறினாள். கதவைச் சாத்தினாள். வெளியே நின்ற எனக்கு அவள் தோள்தான் தெரிந்தது, கை தெரியவில்லை. இன்ஜின் உறுமியது. நான் அனுதாபப்படத் தயாராக முகத்தை வைத்துக்கொண்டேன்.

பழங்கள் நாலும் ஒன்றாக நசுங்கின. பத்மினி வெண்ணெயில் இறங்கிய கத்தியைப் போல நகர்ந்தாள். இரண்டு, மூன்று என்று சத்தம் படிப்படியாக மாறியது காதில் விழுந்தது. கோவிலில் திரும்பினாள். வந்தாள். வாசலில் நின்று, அழகாக ரிவர்ஸ் எடுத்து, இரண்டு தூணுக்கும் நடுவே கோடு போட்ட மாதிரி நிறுத்தினாள். தெரு கைதட்டியது. கொம்பையா விசில் அடித்தான். சாட்சி விசில் அடிக்கக் கூடாது என்று அவனுக்குத் தெரியவில்லை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எப்படியோ என் தலைகீழ் ரகசியத்தைக் கற்றுக்கொண்டுவிட்டாள் என்று புரிந்தது. போகட்டும். அவள் ஜெயித்தால் என்ன, நானும் ஜெயிப்பேன். இரண்டு பேரும் ஜெயித்தால் சாவி பழையபடி என் இடுப்பில்தான்.

புதுப் பழங்கள் வைத்தார்கள். நான் ஏறினேன். வழக்கம்போலத் துண்டைப் போட்டேன். தண்டைக் கீழே இழுத்து முதல் கியர் போட்டு, க்ளட்ச்சை விட்டேன்.

ஆஃப்.

"இன்ஜின் சூடாவல" என்றேன்.

"இப்பதான மதினி ஓட்டிட்டு எறங்குனாவ?" என்றது சாட்சி.

மறுபடியும் ஸ்டார்ட் செய்து, ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதித்தேன். பத்மினி தவளை மாதிரி தாவினாள். பழங்கள் நசுங்கவில்லை, தெறித்தன. ஒன்று பகலவன் மாமியார் மடியில் விழுந்தது. மேலே தள்ளி இரண்டாவது போட்டேன். இன்ஜின் அலறியது. கீழே இழுத்து மூன்றாவது போட்டேன். கக்குவான் வந்த மாதிரி இருமியது. எப்படிப் போனேன், எப்படித் திரும்பினேன் என்று மாரியாத்தாவுக்குத்தான் தெரியும். கடைசியாக வாசலில் நின்று, மேலே தள்ளி ரிவர்ஸ் போட்டு, பின்னால் பார்த்துக்கொண்டே மிதித்தேன்.

பத்மினி முன்னால் போனாள். எதிர்வீட்டு வாசலில் கட்டியிருந்த வாழைமரத்தைச் சாய்த்து, குலையோடு மேலே வாங்கிக்கொண்டு நின்றாள்.

நான் குனிந்து, பிரஸ் பட்டனை இழுத்து, ரெக்சின் உறையைத் திறந்தேன். டப்பென்று வந்தது. மேல்துளை காலியாக இருந்தது. கம்பி கீழ்த்துளையில் இருந்தது. போல்ட் தலையில் நான் போட்ட மஞ்சள் கோட்டுக்குப் பக்கத்திலேயே, நேர்த்தியாக, ரோஸ் கலரில் இன்னொரு கோடு.

தலையை நிமிர்த்தினேன். பகலவன் ஜன்னலில் எட்டிப் பார்த்தான்.

"இன்னா புருசு, கியர்ல எதுனா கோளாறா?"

வாயைத் திறந்தேன். சசி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பொரியைக் கொறித்துக்கொண்டு, அமைதியாக.

என்ன சொல்வது? 'ஆமாம், என் பெண்டாட்டி கியரை மாற்றிவிட்டாள்' என்று சொல்லலாம். 'எதை எப்படி மாற்றினாள்' என்று கேட்பான். 'நான் தலைகீழாக மாட்டியிருந்ததை நேராக்கிவிட்டாள்' என்று சொல்ல வேண்டும். நாளைக்கு ஷிஃப்ட் தொடங்குவதற்குள் லைன் முழுக்கத் தெரிந்துவிடும்.

"கோளாறா?" என்றேன். "நான் வெச்ச கியருப்பா. கோளாறு எப்டி வரும்?"

"அதான பாத்தேன். தங்கச்சி ஓட்டும்போது சும்மா அல்வா மாதிரி போச்சு. வேலை சுத்தம்பா உன்னுது." முதுகில் தட்டினான். "ஓட்டறதுதான் கொஞ்சம் கத்துக்கணும்."

தெருவே என் கைவேலையைப் புகழ்ந்தது. தமிழ்வாணன் ஏறி ஓட்டினான், ஓடியது. டிராக்டர்காரர் ஓட்டினார், ஓடியது. பகலவன் மச்சான், அவனுக்கு லைசென்ஸே இல்லை, அவனுக்கும் ஓடியது. பத்மினியை ஓட்டத் தெரியாதவன் இப்போது இந்த உலகத்தில் ஒருவன்தான்.

எல்லோரும் போன பிறகு மெதுவாகக் கேட்டேன்.

"எப்டிம்மா கண்டுபுடிச்ச? நான்தான் துண்டு போட்டு மூடிகினு இருந்தேனே."

"கையத்தான் மூடினீங்க. முழங்கை வெளிய தானே இருந்துது. ஒவ்வொரு தபாவும் வண்டி கெளம்பும்போது என் இடுப்புல வந்து இடிக்குது. ஒண்ணாவது கியருக்கு முழங்கை ஏன் பின்னால வருதுன்னு யோசிச்சேன். நான் இன்னா வேலை பாக்கறேன்னு மறந்துட்டீங்களா?"

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா இன்னா பண்ணியிருப்பீங்க? அத சரி பண்ணிட்டு வேற ஒண்ண மாட்டியிருப்பீங்க. அதான் உங்க கை நல்லா பழகட்டும்னு வுட்டுட்டேன்."

அவள் கையை நீட்டினாள். இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்துக் கொடுத்தேன். கோபம் வரவில்லை. உண்மையைச் சொன்னால், அவள் ரிவர்ஸ் எடுத்து நிறுத்தியபோதே எனக்குள் ஒருவன் கைதட்டிவிட்டான். பத்மினி அவ்வளவு அழகாக ஓடி நான் பார்த்ததே இல்லை. எப்படிப் பார்ப்பேன், எப்போதும் உள்ளே அல்லவா இருந்தேன்? என் கியர்பாக்ஸ், என் தகடு, என் வெல்டிங், எல்லாம் சேர்ந்து பாடிக்கொண்டு போயின. பாடியது என் வண்டி. பாட வைத்தது வேறு கை, அவ்வளவுதான்.

"ஏறுங்க" என்றாள். "அம்மாவுக்குச் சுண்டல் குடுத்துட்டு வரலாம்."

நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். பானெட்டில் ஒட்டியிருந்த வாழை இலையை எடுத்துப் போட்டுவிட்டு அவள் ஏறினாள். ஒன்று போட்டாள், மேலே. முழங்கை என்னைத் தொடவே இல்லை. சிங்கப்பெருமாள் கோவில் ரோட்டில் ஷேர் ஆட்டோக்கள் எங்களுக்கு வழி விட்டன.

"கவலப்படாதீங்க. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம நானே உங்களுக்குக் கத்துக் குடுக்கறேன்" என்றாள். ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் டேஷ்போர்டு அறையைத் திறந்து, மடங்காமல் கசங்காமல் இருந்த அந்தச் சிவப்பு 'எல்' ஸ்டிக்கரை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"முன்கண்ணாடியில ஒட்டவா, பின்கண்ணாடியில ஒட்டவா?" என்று பணிவாகக் கேட்டேன்.

அவள் ஒரு வினாடி திரும்பி, என் நெற்றியைப் பார்த்தாள்.